கண்ணில் குற்றமா, கணிப்பொறியில் குற்றமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

"மகன்" என்பதற்கும் "மகள்" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்? ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தால் எங்கள் வீட்டுப் பரணில் இன்றைக்கும் முந்நூறு கல்யாணப் பத்திரிகைகள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன.

என் அப்பா திருவானைக்காவலில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் வட்டாரத்து நல்லது கெட்டதெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். இருபது வருஷத்துக்கு மேலாக 'பேஜ்மேக்கர்' மென்பொருளில்தான் வேலை. பழைய பத்திரிகையின் மேட்டரை எடுத்து, பெயர், தேதி, மண்டபம் ஆகியவற்றை மட்டும் மாற்றுவது இந்தத் தொழிலில் வழக்கம். அப்படி மாற்றியபோது மாப்பிள்ளை பெயருக்கு மேலே "மூத்த மகள்" என்று இருந்தது அப்படியே நின்றுவிட்டது. அப்பா அதைத் திரையில் மூன்று தடவை படித்தார். முன்பெல்லாம் காகிதத்தில் புரூஃப் எடுத்துக் கொடுப்பார். செல்போன் வந்தபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. பத்திரிகை கொடுத்தவர் செல்போனில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குண்ணே, அடிச்சிருங்க" என்றார். அச்சாகி வந்தபிறகு மாப்பிள்ளையின் பாட்டிதான் கண்டுபிடித்தார். "ஏம்ப்பா, எங்க பேரனைப் பொண்ணாக்கிப்புட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சொந்தக் காசில் மறுபடியும் அடித்துக் கொடுத்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், "எனக்குக் கண்ணு போயிடுச்சு போலிருக்கு. இனிமே இந்தத் தொழில் நமக்குச் சரிப்படாது" என்றார்.

நண்பர்களே, அப்பாவுக்குக் கண் போகவில்லை. அவர் கணிப்பொறியை மாற்றி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த "அவ்வளவுதான்" ஒரு மனிதரைத் தொழிலை விட்டே ஓடச் செய்யப் பார்த்தது. நம் மலரில் காதல், கவிதை, வேலைவாய்ப்பு எல்லாம் வரும். இந்தத் தடவை கொஞ்சம் இடம் திரையில் மங்கித் தெரியும் எழுத்துக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புது மெஷின் வந்த கதை

அப்பாவின் பழைய கணிப்பொறி விண்டோஸ் 7 காலத்தது. சதுரமான 17 அங்குல மானிட்டர். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதனால் ஊரெங்கும் பழைய பெட்டிகளை மாற்றும் படலம் நடந்துகொண்டிருந்தது. அப்பா அதற்கெல்லாம் அசையவில்லை. ஆனால் ஒரு மழை நாளில் மதர்போர்டு போய்விட்டது. "இதுக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காதுண்ணே" என்று மெக்கானிக் கைவிரித்தார். 15.6 அங்குல லேப்டாப் ஒன்று வீட்டுக்கு வந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாமி படம் போட்டால் பளபளவென்று தெரிந்தது. ஆனால் எழுத்து மட்டும் கலங்கல் தண்ணீரில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி இருந்தது. விற்ற கடைக்கு அப்பா போன் போட்டார். "புது மெஷின் முதல்ல அப்படித்தான் சார் இருக்கும். போகப் போகக் கண்ணு பழகிடும்" என்று பதில் வந்தது.

அப்பா பழக்கிப் பார்த்தார். பழகவில்லை. கண் டாக்டரிடம் போனார். அவர் சோதித்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் இல்லீங்க, கால் பாயின்ட்தான் கூடியிருக்கு" என்று உண்மையைத்தான் சொன்னார். புதுக் கண்ணாடி வந்தது. எழுத்து தெளியவில்லை. சாயங்காலம் ஆனால் தலைவலி. அந்த நேரத்தில்தான் பத்திரிகை விவகாரம்.

இதில் எனக்குப் பங்கு இல்லையா? உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா இரண்டு தடவை என்னிடம், "தம்பி, இது ஏன் இப்படித் தெரியுது, கொஞ்சம் பாரேன்" என்று கேட்டார். டிப்ளமோ மூன்றாம் வருஷம் படிக்கிற நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வயசாச்சுல்லப்பா" என்றேன். முந்நூறு பத்திரிகையின் பழியில் பாதி எனக்குச் சேரவேண்டியது.

மூன்று பூட்டு

பத்திரிகை திரும்பி வந்த மறுநாள்தான் உட்கார்ந்தேன். முதலில் ஒரு சின்னச் சோதனை. இதை எல்லோரும் செய்து பார்க்கலாம். 'நோட்பேட்' திறந்து நாலு வரி அடித்தேன். திரையை அப்படியே 'பிரின்ட் ஸ்கிரீன்' எடுத்து அப்பாவின் செல்போனுக்கு அனுப்பினேன். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தானே மங்கலாக்கிவிடும். ஆகவே டாக்குமென்டாக அனுப்பினேன். செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து கத்தி மாதிரி இருக்கிறது! அதே கண்ணாடியோடு அப்பா கடகடவென்று படித்தார். ஆக, கண் தப்பித்தது. லேப்டாப்புக்கு உள்ளே எழுத்து தெளிவாகத்தான் உருவாகிறது. திரைக்கு வந்து சேரும் வழியில்தான் கெடுகிறது.

முதல் பூட்டு அங்கேதான் இருந்தது. இன்றைய தட்டைத் திரை என்பது எண்ணி வைத்த புள்ளிகளின் பலகை. எங்கள் லேப்டாப்பில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பழைய குண்டு மானிட்டரில் இப்படி எண்ணி வைத்த புள்ளி கிடையாது. அதனால் எந்த அளவு வைத்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். எங்கள் லேப்டாப்பை யாரோ, "எழுத்து பெரிசா தெரியட்டும்" என்ற நல்லெண்ணத்தில் 1366-க்கு 768 என்று மாற்றி வைத்திருந்தார்கள். 1920-ஐ 1366-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.4 சொச்சம் வரும். அதாவது எழுத்தின் ஒரு புள்ளியைத் திரையின் ஒன்றரைப் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் பரப்ப வேண்டும். அரைப்புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே பக்கத்துப் புள்ளியில் கொஞ்சம் சாயத்தைத் தடவிச் சரிக்கட்டுகிறது. கோடு பூசினாற்போல் ஆகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய், 'ரெகமெண்டட்' என்று பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கிளிக். முதல் பூட்டு திறந்தது.

ஆனால் இப்போது எழுத்து கூர்மையாகவும் கடுகு அளவாகவும் ஆகிவிட்டது! "இதுக்கு அதுவே தேவலாம் போலிருக்கே" என்றார் அப்பா. இங்கேதான் பலர் பயந்து பழையபடி மாற்றிவிடுகிறார்கள். காரணம் இதுதான். விண்டோஸ் வெகு காலமாக ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு வைத்து எழுத்து வரைகிறது. எங்கள் திரையில் ஓர் அங்குலத்துக்குள் 141 புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. புள்ளி பொடிசானால் எழுத்தும் பொடிசாகும். அதற்கு மருந்து அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்ற இடத்தில் இருக்கிறது. 125, 150 சதவீதம் என்று கூட்டலாம். இது எழுத்தை இழுத்து நீட்டும் வேலை இல்லை. அதிகப் புள்ளிகளைக் கொண்டு எழுத்தைப் புதிதாகப் பெரிதாக வரையச் சொல்லும் உத்தரவு. 150 வைத்தேன். நோட்பேட் பளிச்சென்று ஆனது. இரண்டாம் பூட்டும் திறந்தது.

அப்பா ஆசையாகப் பேஜ்மேக்கரைத் திறந்தார். அது மட்டும் மறுபடி மங்கல்! அதுதான் மூன்றாம் பூட்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். இப்படி நெருக்கமான புள்ளி கொண்ட திரை வரும் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. 96 என்ற கணக்கிலேயே வரைந்து கொடுக்கிறது. விண்டோஸ் அதைப் புகைப்படத்தை இழுப்பது போல ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டுகிறது. பழைய மென்பொருள் பலவற்றுக்கும் இதே கதிதான். இந்த மாதிரி மங்கல் 'பிரின்ட் ஸ்கிரீன்' எடுத்தாலும் மங்கலாகவே வரும். முதல் வகைக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அதுவே வழி.

அதற்கும் சாவி உண்டு. மென்பொருளின் படத்தின்மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்' என்று போனால், கீழே ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து 'அப்ளிகேஷன்' என்று வைத்தால் விண்டோஸ் இழுப்பதை நிறுத்திவிடும். எழுத்து கூர்மையாகிவிடும். மெனு மட்டும் பொடிசாகத் தெரியும். 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்று இன்னொரு வழி 2017 முதல் இருக்கிறது. சில மென்பொருளுக்கு அது பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. இரண்டையும் வைத்துப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பாவுக்கு 'அப்ளிகேஷன்' போதுமானதாக இருந்தது. மெனு பொடிசாக இருக்கிறதே என்று நான் இழுத்தேன். அவர் சிரித்தார். "மெனுவை யாருடா பாக்குறா? இருபது வருஷமா ஷார்ட்கட் கீதானே!"

கடைசியாக ஒரு மெருகு. ஸ்டார்ட்டில் 'கிளியர்டைப்' என்று ஆங்கிலத்தில் தேடினால், மாதிரி எழுத்துகளைக் காட்டி "எது தெளிவாக இருக்கிறது?" என்று கேட்கும் ஒரு வசதி வரும். திரையின் ஒவ்வொரு புள்ளியும் உள்ளுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகளால் ஆனது. அந்தப் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி எழுத்தின் ஓரத்தை இழைக்கும் உத்தி இது. 1998 நவம்பரில் பில் கேட்ஸ் இதை அறிவித்தார். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இது இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. பிறகு வந்த விஸ்டாவில்தான் தானாகவே இயங்க ஆரம்பித்தது. ஒருவர் கண்ணுக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காது. ஆகையால் யார் உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அவரேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவையே உட்காரவைத்தேன்.

மொத்தம் எவ்வளவு நேரம்? டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று மாதத் தலைவலி, ஒரு புதுக் கண்ணாடி, முந்நூறு பத்திரிகை, ஒரு மனிதரின் தன்னம்பிக்கை எல்லாவற்றுக்கும் விடை ஒரு டீ நேரத்தில்!

தமிழுக்கு இரட்டை நஷ்டம்

"இங்கிலீஷ் எழுத்து மங்கலா இருந்தாலும் படிச்சிடலாமே, என்ன பெரிய விஷயம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் நிலைமை வேறு. நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். ன, ண, ள மூன்றும் மங்கினால் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும். கனம் என்பது கணமாகும். புள்ளியின் கதை இன்னும் மோசம். தலைக்குமேல் நிற்கும் அந்தச் சின்னப் புள்ளி, பொடி எழுத்தில் திரையின் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். கொஞ்சம் பூசினால் எழுத்தோடு ஒட்டிவிடும், இல்லையென்றால் காணாமலே போகும்.

புள்ளி இல்லாமல் தமிழ் படிப்பது நமக்குப் புதிதா என்று கேட்கலாம். புதிதில்லைதான். ஓலை கிழியும் என்று சுவடியில் புள்ளியை விட்டார்கள். கல்வெட்டிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. நம் ஜம்புகேசுவரர் கோயில் சுவரிலேயே சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். ஆனால் கல்வெட்டு படிக்க வருகிறவர் என்ன செய்கிறார்? "கண்ணு பழகிடும்" என்று நிற்பதில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார். ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்குகிறார். மை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படிக்கிறார். ஆயிரம் வருஷத்துக் கல்லுக்கு அவ்வளவு பாடு படலாம், நேற்று வாங்கிய கண்ணாடித் திரைக்கு நாலு கிளிக் செய்யக் கூடாதா?

யூனிகோடு எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. விண்டோஸ் 2000-த்தோடு வந்த 'லதா' எழுத்துரு பலருக்கும் பழக்கம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் 'நிர்மலா யு.ஐ.' வந்தது. திரையில் படிப்பதற்கென்றே செய்தது. மாற்றிப் பாருங்கள். ஆங்கிலம் 10 பாயின்ட் என்றால் தமிழை 11 அல்லது 12 வையுங்கள். டி.டி.பி. கடைகளில் இருக்கும் பழைய எழுத்துருக்கள் அச்சை மனதில் வைத்துச் செய்தவை. திரையில் பொடிசாக வைத்தால் அவை அழகாகத் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்தைப் பெரிதாக்கி வைத்துத்தான் புரூஃப் பார்க்க வேண்டும். முடிந்தால் காகிதத்திலும் ஒன்று எடுக்க வேண்டும். அப்பா இப்போது மறுபடி காகித புரூஃபுக்குத் திரும்பிவிட்டார்.

நம் ஆய்வகத்துக்கு வருவோம்

வீட்டில் ஞானம் வந்தபிறகு கல்லூரியில் கண் திறந்தது. நம் ஆய்வகத்தில் சில புது சி.பி.யு.க்கள் வந்தன. மானிட்டர் பழையதுதான். புதுப் பெட்டியில் பழைய வி.ஜி.ஏ. துவாரம் இல்லை. நடுவில் ஒரு கன்வர்ட்டர் போட்டு இணைத்தார்கள். கணிப்பொறிக்கு மானிட்டரின் அளவு தெரியவில்லை போலிருக்கிறது. 1366-க்கு 768 திரையில் 1024-க்கு 768 என்று நின்றது. எழுத்தெல்லாம் அகலமாகப் பூரித்துப் போயிருந்தது. ஆட்டோகேடில் வட்டம் வரைந்தால் முட்டையாகத் தெரிந்தது. இதை நாம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்? ஒரு செமஸ்டர்! வட்டம் முட்டையாகத் தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அதன் பலன் பட்டறையில் தெரிந்தது. என் நண்பன் ஒருவன் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டு போன அளவு விட்டம் 36. டிராயிங்கில் இருந்ததோ 38. லேத்தில் பிடித்து அழகாக 36-க்குக் கடைந்துவிட்டான். பினிஷ் கண்ணாடி மாதிரி இருந்தது. என்ன பயன்? கடைந்து போன இரும்பைத் திரும்ப ஒட்ட முடியுமா? ஜாப் ஸ்கிராப்பில் விழுந்தது. அவனுக்குக் கிடைத்த பெயர், "கவனம் இல்லாதவன்".

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முதல் வருஷம் டிராயிங் ஹாலில் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7 மில்லிமீட்டர் என்று ஐ.எஸ். 9609 தரம் வகுத்திருக்கிறது. கோட்டின் தடிமன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது பதினாலில் ஒரு பங்கு. கோடு பூசியிருந்தால் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். "8-ம் 6-ம் குழம்பினால் பாலம் இடியும்" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! காகிதத்துக்கு இருக்கும் அந்தக் கண்டிப்பு திரைக்கு ஏன் இல்லை?

இன்னொன்றும் கேட்கிறேன். பட்டறைக்குப் புது லேத் வந்தால் இறக்கிய உடனே வேலை செய்கிறோமா? இல்லை. அஸ்திவாரத்தில் வைத்து, பெட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமன் பார்க்கிறோம். மாண்ட்ரல் பிடித்து டயல் கேஜ் ஓட்டுகிறோம். ஜெர்மானியப் பேராசிரியர் ஷ்லெசிங்கர் வகுத்த சோதனைகளை மெட்ராலஜியில் படிக்கிறோமே, அவை எல்லாம் எதற்காக? மெஷின் நல்ல மெஷினாக இருந்தாலும், நிறுத்திய இடத்தில் சரியாக நிறுத்தாவிட்டால் வேலை கோணும் என்பதற்காக. கணிப்பொறியும் மெஷின்தானே! அதற்கு மட்டும் லெவல் பார்க்காமல் ஏன் கையில் கொடுக்கிறோம்? லெவல் பார்க்காத லேத்தில் ஜாப் கோணினால் லேத்தைச் சந்தேகிப்போம். திரையில் எழுத்து மங்கினால் மட்டும் மனிதனைச் சந்தேகிக்கிறோம். "உனக்குக் கண் சரியில்லை, உனக்குக் கவனம் இல்லை, உனக்கு வயசாச்சு." இதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

"தொடாதே, வாரண்டி போயிடும்" என்பது முதல் வாதம். பெட்டியைத் திறந்தால்தான் அந்தக் கவலை. செட்டிங்ஸ் என்பது வாங்கியவர் மாற்றிக்கொள்வதற்காகவே கொடுத்தது. தவறாக மாற்றினாலும் அதே இடத்தில் திரும்ப மாற்றலாம்.

"எழுத்தைப் பெரிசாக்கினா பக்கம் கொஞ்சம்தானே தெரியுது" என்பது இரண்டாவது. இது நியாயமான வாதம். 150 வைத்தால் திரையில் வரிகள் குறையும். எவ்வளவு வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். படிக்க முடியாத நாற்பது வரியைவிடப் படிக்க முடிகிற இருபத்தைந்து வரி மேல் என்பது என் கட்சி.

"இப்போ வர்ற மெஷின் எல்லாம் சரியாத்தான் வருது" என்பது மூன்றாவது. இதுவும் பாதி உண்மை. பெட்டி பிரித்தவுடன் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பழைய மானிட்டரை மாட்டும்போது, பழைய மென்பொருளை ஏற்றும்போது, யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் கை வைக்கும்போதுதான் கெடுகிறது. நம் ஊரில் எந்தப் பொருளைத்தான் பழையதோடு சேர்க்காமல் புதிதாகவே வைத்துக்கொள்கிறோம்? விலை உயர்ந்த மெஷின் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் மொஹாவே பதிப்பில், மூன்று வண்ணப் பட்டைகளை வைத்து எழுத்தை இழைக்கும் உத்தியைக் கைவிட்டது. சாதாரண மானிட்டரை மாட்டியிருந்தவர்களுக்கு எழுத்து மெலிந்து மங்கியது. அவர்களும் முதலில் கண்ணைத்தான் கசக்கியிருப்பார்கள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்பது நான்காவது. இதுதான் ஆபத்தானது. அப்பா அட்ஜஸ்ட் பண்ணினார். என் நண்பன் அட்ஜஸ்ட் பண்ணினான். நாம் ஒரு செமஸ்டர் முழுக்க அட்ஜஸ்ட் பண்ணினோம். மெஷினை மனிதனுக்கு அட்ஜஸ்ட் செய்வதுதான் நாம் படிக்கும் படிப்பு. மனிதனை மெஷினுக்கு அட்ஜஸ்ட் செய்வதற்கு டிப்ளமோ எதற்கு?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரிசெய்த பிறகும் மங்கினால் கண் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். திரைக்கு அருகில் அதே தூரத்தில் ஒரு நாளிதழைப் பிடித்துப் பாருங்கள். அதுவும் மங்கினால் கண்ணைக் கவனியுங்கள். நாளிதழ் தெளிந்து திரை மட்டும் மங்கினால் முதலில் மெஷினைக் கவனியுங்கள்.

சங்கத்துக்கு என் யோசனை

குறை சொல்வது சுலபம், வழி சொல்ல வேண்டாமா? மாணவர் சங்கத்துக்கு மூன்று யோசனை வைக்கிறேன்.

முதலாவது, ஒரு பக்கச் சோதனைத் தாள். அதில் மகன், மகள், கணம், கனம், படம், பட்டம் என்ற சொற்கள் 11 பாயின்டில் இருக்கட்டும். 36, 38, 63, 83 என்ற எண்கள் இருக்கட்டும். ஒரு வட்டமும் ஒரு சதுரமும் இருக்கட்டும். புதுக் கணிப்பொறி வந்தால் இந்தத் தாளைத் திரையில் திறந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சதுரத்தைச் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்து. லேத்துக்கு லெவல் போல, இது கணிப்பொறிக்கு லெவல்.

இரண்டாவது, இந்த வேலையை நாமே செய்வோம். ஒரு சனிக்கிழமை போதும். ஆய்வக மெஷின்களில் ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் பூட்டு போட்டிருக்கிறார்கள். அதனால் ஆய்வக உதவியாளர் அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு, பூட்டை எடுத்து, மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். வி.ஜி.ஏ. இணைப்பு உள்ள மானிட்டர்களில் 'ஆட்டோ' பொத்தானை அமுக்கவும் மறக்கக் கூடாது. பாதி மங்கல் அதிலேயே போய்விடும்.

மூன்றாவது, வாசலைத் தாண்டிப் போவோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், தெரு கூட்டுகிறோம். நல்லதுதான். அதோடு ஒரு நாள் திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கிற டி.டி.பி. கடை, ஜெராக்ஸ் கடை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் எல்லாவற்றுக்கும் போய், "அண்ணே, உங்க ஸ்கிரீன் தெளிவா தெரியுதா?" என்று கேட்போம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் என்று அறிவித்தது. பெட்டி கொடுப்பது அரசின் வேலை. பெட்டியைத் திறந்ததும் கண்ணுக்குச் சமன் பார்த்துக் கொடுப்பது பக்கத்தில் இருக்கும் நம் வேலை.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கிறீர்களா? தொழிலை விடும் பேச்சே இல்லை. போன வாரம் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவரிடம் திரையைத் திருப்பிக் காட்டி, "இந்த வரியைச் சத்தமாப் படிங்க தம்பி" என்றார். அவர் "மூத்த மகன்" என்று படித்தார். "மகன்தானே? நல்லாத் தெரியுதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார்.

பரணில் இருக்கும் அந்த முந்நூறு பத்திரிகையை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அம்மா. நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யாராவது என்னிடம், "இது ஏன் இப்படித் தெரியுது, கொஞ்சம் பாரேன்" என்று கேட்டால், செல்போனைக் கீழே வைக்க எனக்கு அது ஞாபகத்துக்கு வரவேண்டும்.

உங்கள் வீட்டிலும் யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கலாம். இன்றைக்குப் போனதும் பாருங்கள்.